மட்டைக் குழியும் தண்ணீர்க் குழாயும்

மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து கொஞ்சக் காலம் ஓலைக் கொட்டிலில் இருந்தோம். பிறகு கனமூலைப் பக்கம் ஒரு துண்டுக் காணி வாங்கினோம். கிணறு வெட்டினேன். உவர்த் தண்ணீர். தேத்தண்ணியே உப்புக் கரித்தது.

நல்ல கிணறு காணியை விற்றவரிடம் இருந்தது. அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு தென்னந்தோட்டம். ஒரு ஹாஜியாருடையது. அந்தக் கிணற்றிலிருந்து தோட்டத்துக்குள்ளால் நாங்கள் குழாய் கொண்டுவரலாம் என்று காணி உறுதிப் பத்திரத்தில் எழுதினார்கள். ஹாஜியாரும் உறுதி எழுதிய நொத்தாரிசிடம் வந்து கையெழுத்து வைத்தார். நல்ல மனதோடுதான் வைத்தார்.

குழாயை நானே புதைத்தேன். எங்கள் ஊர் மணலில் ஒரு சாண் ஆழம் போதும். இங்கேயும் அப்படியே செய்தேன். மர வரிசைகளுக்கு நடுவால் நேராக இழுத்தேன். தென்னைக்காரர் அந்த நடுவில் என்ன செய்வார்கள் என்று யாரிடமும் கேட்கவில்லை. கடல் தொழில் செய்தவனுக்கு அது தெரியாது.

மழைக்கு முன் அவர்கள் அங்கேதான் குழி வெட்டுகிறார்கள். தேங்காய் உரித்த மட்டையைக் குழியில் அடுக்கி மண்ணால் மூடுவார்கள். மட்டை மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெயில் காலத்தில் மரம் அதைக் குடிக்கும். அதைச் செய்யாவிட்டால் குரும்பை கொட்டிவிடும்.

ஒரு காலை தண்ணீர் வரவில்லை. போய்ப் பார்த்தேன். இரண்டு கூலியாட்கள் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். குழாய் துண்டாகிக் கிடந்தது. ஹாஜியார் நிழலில் கதிரை போட்டு இருந்தார்.

"ஹாஜியார், குழாய் அறுந்து போச்சு."

"மம்பட்டிக்குக் கண் இல்லியே தம்பி."

கூலியாட்களில் ஒருவர் சிரித்தார். "மன்னாரார் குழாய் பொதச்சீக்கிறாரா, கெழங்கு நட்டீக்கிறாரா? மண்ணச் சொறிஞ்சாலே வெளிய வருது."

"உறுதியில எழுதி இருக்கு ஹாஜியார்."

"எழுதி ஈக்கி. நான் இல்லெண்டு செல்லல்லயே. என்ட தோட்டத்தில நான் மட்ட பொதைக்க ஏலாதெண்டும் எழுதி ஈக்கா?"

அப்படி எழுதவில்லை. நொத்தாரிசிடம் போனேன். அவர் உறுதியை இரண்டு முறை வாசித்தார்.

"கொழாய் கொண்டுபோக உங்களுக்கு உரிமை ஈக்கி. அத ஒடைக்க அவருக்கு உரிமை இல்ல. ஆனா ஆழம் எழுதல்ல, எந்தப் பக்கத்தால எண்டும் எழுதல்ல. அவர்ட வேலைக்கு இடைஞ்சல் இல்லாமப் போடுறது உங்கட பொறுப்பு. நீங்களும் வழக்குப் பேசலாம், அவரும் பேசலாம்."

வழக்கென்றால் முதலில் பொலிசில் முறைப்பாடு போட வேண்டும் என்றார்கள். என் அடையாள அட்டையில் மன்னார் என்று இருந்தது. அந்த யுத்த நாட்களில் அந்த அட்டையோடு நானாகப் பொலிசுக்குள் போக எனக்கு மனம் வரவில்லை. போன வேலையை விட்டுவிட்டு வேறு கேள்வி கேட்பார்கள். போகவில்லை.

குழி இடுப்பளவு இறங்கும்; அதற்கும் கீழே குழாயைப் புதைக்க என்னால் முடியாது. குழாயைத் தோட்டத்தின் ஓரத்தால் மாற்றலாம் என்று பார்த்தேன். ஓரத்தில் மரம் நெருக்கம். வேரை வெட்ட ஹாஜியார் விடவில்லை. அதில் அவர் பிழை இல்லை. காணியை விற்கவும் வழியில்லை. தண்ணீர் இல்லாத காணியை யார் வாங்குவார்?

மனைவி குடம் எடுத்துக்கொண்டு அந்தக் கிணற்றுக்கு றோட்டால் சுற்றிப் போனாள். றோட்டில் சோதனைச் சாவடி. போகும்போது ஒருதரம் அட்டை காட்ட வேண்டும். வரும்போது குடத்தை இறக்கி வைத்துவிட்டு இன்னொருதரம். இறக்கும்போது தண்ணீர் சிந்தும். வீட்டுக்கு வரும்போது குடம் குறைந்திருக்கும்.

நான் ஹாஜியாரிடம் திரும்பப் போனேன்.

"குழிய நான் வெட்டித் தாறன். குழாய் எங்க ஓடுதெண்டு எனக்குத் தெரியும். அதச் சுத்தி வெட்டி, அதுக்குக் கீழயும் மேலயும் மட்ட அடுக்கிறன்."

அவர் யோசித்தார். "ஒவ்வொரு வருஷமுமா?"

"ஓம்."

"மொகத்த அப்பிடி வெச்சிக்காதீங்க தம்பி. நான் அடிமை கேக்கல்ல."

அவர் கேட்கவில்லைதான். நானாகத்தான் சொன்னேன்.

அறுந்த குழாயை ஒட்டினேன். அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னால் எனக்குக் கடல் இல்லை. மற்றவர்கள் வள்ளத்தில் போகும்போது நான் ஹாஜியாரின் தோட்டத்தில் குழி வெட்டினேன். குழாய் வரும் இடத்தில் மம்பட்டியை வைத்துவிட்டுக் கையால் மண்ணை அள்ளினேன். பெருநாளுக்கு அவர் எங்களுக்கு இறைச்சி அனுப்புவார். சலாம் சொல்லுவார். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை இருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருக்கலாம் என்று சில நேரம் நினைப்பேன்.

ஒரு வருஷம் எனக்குக் காய்ச்சல். மட்டை குவிந்து கிடந்தது. வானம் இருண்டு வந்தது. ஹாஜியார் வேலியில் நின்று கூப்பிட்டார்.

"தம்பி, மழ வரப் போகுது. ஏலாட்டிப் பரவாயில்ல. நான் ஆள் புடிக்கிறன்."

ஆள் பிடித்தால் மம்பட்டி குழாயில் இறங்கும். எழும்பிப் போனேன். கொஞ்ச நேரத்தில் மனைவியும் முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். மட்டையைத் தூக்கித் தூக்கி என்னிடம் தந்தாள்.

ஹாஜியாருக்கு அது பிடிக்கவில்லை. "பொம்புளயள ஏன் தம்பி தோட்டத்துக்குள்ள எறக்குறீங்க?"

நான் வாய் திறக்கும் முன் அவள் சொன்னாள்: "தண்ணி நானுந்தானே ஹாஜியார் குடிக்கிறன்."

ஹாஜியார் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தானும் ஒரு மட்டையை எடுத்தார். இரண்டு மூன்று எடுத்ததும் மூச்சு வாங்கியது. கதிரைக்குப் போய்விட்டார்.

மழை தொடங்க முன் அந்தக் குழியை மூடினோம். இன்னும் நாலு வரிசைக்குக் குழி வெட்ட இருந்தது.