பெரியப்பாவை நிறுத்திய லின் ஆன்ட்டி

இங்கிலீஷ் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் எந்த மாதிரி ஆளைப் பார்த்தால் பயப்படுகிறார்களோ, அந்த மாதிரி ஆளாக மாறி அவர்களுக்கு எதிரே உட்கார்ந்து பேசுவதுதான் என் தொழில். ஷார்ஜாவில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டே சாயங்காலங்களில் இதைச் செய்கிறேன். வாயைத் திறந்ததும் நாக்கு ஒட்டிக்கொள்கிறவர்கள், எதிராளி பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தே தங்கள் முறையைக் கோட்டைவிட்டவர்கள், நிறுத்தாமல் பேசும் சொந்தக்காரர் ஒருவரையாவது வைத்திருப்பவர்கள், எல்லோரும் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

வேலை என்னைத் தேடி வந்த விதம்

ஷார்ஜாவின் ரோலா கடைவீதியில் ஒரு லாண்டரிக்கு மேலே இரண்டு அறைகள். அதுதான் கோமதி மிஸ்ஸின் கோச்சிங் சென்டர். கீழே இஸ்திரி போடும் ஆவி மேலே ஏறி வந்து, ஏசி ஓடும்போதும் ஜன்னல் கண்ணாடி வியர்த்துக்கொண்டே இருக்கும். கட்டுரை எழுதப் பழகட்டும் என்று அம்மா என்னை அங்கே சேர்த்துவிட்டிருந்தாள். ஒருநாள் மிஸ் சென்டர் போனை மேஜையில் வைத்துவிட்டுக் கீழே டீ வாங்கப் போனார். நான் அந்தப் போனை எடுத்து, மிஸ்ஸின் திருநெல்வேலிக் குரலிலேயே வாட்ஸப் குரூப்பில் ஒரு வாய்ஸ் நோட் போட்டேன். எனக்கு ஒரே தலைவலி, நாளைக்கு கிளாஸ் கிடையாது, வீட்ல இருந்து ஒழுங்கா படிங்க, யாராவது ஊர் சுத்துனதா கேள்விப்பட்டேன், தோல உரிச்சிருவேன். அவ்வளவுதான்.

மறுநாள் ஒருவரும் வரவில்லை. குரூப்பில் இருந்த மிஸ்ஸின் கணவரே நம்பிவிட்டார். தலைவலி என்றால் இன்றைக்கு நானே சமைத்துவிடுகிறேன் என்று பதில் போட்டிருந்தார். அதற்கடுத்த நாள் மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டபோது, அம்மாவுக்குப் போன் போகப் போகிறது என்று நினைத்தேன். மிஸ்ஸோ கதவைச் சாத்திவிட்டு, லண்டன்காரர் மாதிரி பேசிக் காட்டு என்றார். பேசினேன். ஆஸ்திரேலியாக்காரர் என்றார். அதையும் பேசினேன். வாயில் பபிள்கம் போட்ட அமெரிக்கர் என்றார். முடித்ததும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏட்டி, இந்தத் தொண்டைக்கு ஒரு வேலை குடுத்து உக்கார வச்சாத்தான் நான் நிம்மதியா கடை நடத்த முடியும்," என்றார்.

பல்வலியின் நன்மைகள்

எனக்குக் கிடைத்த முதல் பெரிய கேஸ் லின் ஆன்ட்டி. சீனாவிலிருந்து வந்தவர். துபாயில் சீன மொத்தச் சந்தையில் தொங்கு விளக்குகள் விற்கும் கடையில் வேலை. ஊரில் பள்ளிக்கூட டீச்சராக இருந்தவராம். இங்கே ஒரு பள்ளி அவரைச் சீன மொழி டீச்சராக எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. ஆனால் அட்வான்ஸ்டு இங்கிலீஷ் பரீட்சையில் பாஸான சர்டிபிகேட்டை, புது வருட வகுப்புகள் தொடங்குவதற்குள் காட்ட வேண்டும். அந்த வேலை கிடைத்தால்தான் மகளை இங்கே கூட்டி வந்து வைத்துக்கொள்ள முடியும். கடை விசாவில் அதற்கு வழியில்லை. மகள் யாவ் யாவ் இரண்டாம் வகுப்பு. சீனாவில் தன் பெரியம்மா வீட்டில் இருந்தாள். ஆன்ட்டி ஏற்கெனவே ஒருமுறை பரீட்சை எழுதி, மற்றதிலெல்லாம் தட்டுத் தடுமாறித் தேறி, பேச்சில் மட்டும் குப்புற விழுந்திருந்தார். இப்போது எல்லாப் பகுதியையும் மறுபடி எழுத வேண்டும். வகுப்புகள் தொடங்குவதற்குள் மிச்சமிருந்தது ஒரே ஒரு வாய்ப்பு.

நாங்கள் பேசிக்கொண்டது பூராவும் இங்கிலீஷில்தான். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன். முதல் நாள் நான் லண்டன் பரீட்சகராக மாறி, நூலகங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று மூக்கால் கேட்டேன். நூலகம் மன அழுத்தத்தைக் குறைக்கிறது, அறிவை விரிவாக்குகிறது, மக்களை ஒன்றிணைக்கிறது என்று குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டினார். பிரமாதம் என்று நினைத்தேன். விளையாட்டைப் பற்றிக் கேட்டேன். அதே மூன்று. ரயில் பயணம் கேட்டேன். அதே மூன்று. எனக்குள் குறும்பு எழுந்து உட்கார்ந்தது. குரல் மாறாமல், பல்வலியைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன். ஆன்ட்டி தயங்கவே இல்லை. பல்வலி மன அழுத்தத்தைக் குறைக்கிறது என்றார். அறிவை விரிவாக்குகிறது என்றார். மக்களை என்று ஆரம்பித்தவர் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

பிறகு சிரித்தார் பாருங்கள், லாண்டரி வரைக்கும் கேட்டிருக்கும். எந்தக் கேள்வி வந்தாலும் பொருந்துகிற ஒரே பதிலை ஊர்க் கோச்சிங்கில் மனப்பாடம் செய்ய வைத்திருந்தார்களாம். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் பல்வலி இப்படித்தான் வரும்," என்றார்.

எதையும் வாங்க வராத பேராசிரியர்

கேட்டுப் புரிந்துகொள்ளும் பயிற்சியில் ஆன்ட்டியின் நிலைமை விநோதமாக இருந்தது. நான் பாகிஸ்தான் டாக்சிக்காரர் இங்கிலீஷில் பேசினால் கற்பூரமாகப் பிடித்துக்கொள்வார். எகிப்துக்காரர், மலையாளி, பிலிப்பைன்ஸ் கேஷியர், எல்லோரும் அத்துப்படி. சுத்தமான இங்கிலீஷில் ஒரு பேராசிரியர் தேனீக்களைப் பற்றி ஒலிப்பதிவில் பேசினால் மட்டும் முகம் வெறிச்சோடிவிடும். ஏன் என்று கேட்டதற்கு, கடைக்கு வருகிறவர் என்ன வேண்டுமென்று வருகிறார் என்பதைத்தான் முதலில் கவனிப்பேன், வார்த்தைகள் தன்னால் புரியும் என்றார்.

எனக்கு உடனே பொறி தட்டியது. அன்றிலிருந்து அந்தப் பேராசிரியரின் குரலிலேயே, ஆனால் விளக்கு வாங்க வந்தவராகப் பேச ஆரம்பித்தேன். தேனீக்கள் எப்படிக் கூடு கட்டுகின்றன என்பதை, என் வீட்டுக் கூடத்துக்கு அந்த வடிவத்தில் ஒரு விளக்கு வேண்டும் என்ற தோரணையில் விவரித்தேன். ஆன்ட்டிக்கு அந்த மனிதரின் தலை கால் புரிந்துவிட்டது. தேனீ முடிந்து எரிமலை, எரிமலை முடிந்து ரோமாபுரி என்று எல்லாவற்றையும் ஆன்ட்டி வரிசையாகப் பிடித்தார். பழைய ஒலிப்பதிவைத் திரும்பப் போட்டபோது ஒரு கேள்விகூடத் தப்பவில்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "பாவம், இத்தனை நாள் அந்த மனிதரை நான் வாசலிலேயே நிற்க வைத்துவிட்டேன்," என்றார்.

மூச்சு விடாத மனிதர்

உண்மையான வில்லங்கம் பேச்சுத் தேர்வில்தான் இருந்தது. அந்தப் பரீட்சையில் முன்பின் தெரியாத இரண்டு பேரை ஜோடியாக உட்கார வைத்து ஒரு விஷயம் கொடுத்துப் பேசச் சொல்வார்கள். பரீட்சகர் வாயே திறக்காமல் இருவரையும் பார்த்துக்கொண்டிருப்பார். இருவரும் பேச வேண்டும், ஒருவரை ஒருவர் பேச வைக்கவும் வேண்டும். போன தடவை ஆன்ட்டியைக் கவிழ்த்தவர் மாதிரியே ஒரு ஜோடியாக நான் இருக்கத் தீர்மானித்து, பக்கத்து ஊரான அஜ்மானில் இருக்கும் என் பெரியப்பாவின் குரலை எடுத்தேன். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால், ரசத்தில் ஆரம்பித்து விமானக் கம்பெனிகள், முழங்கால் வலி, உலக அரசியல் வழியாக மறுபடி ரசத்துக்கு வந்துதான் நிற்பார். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார், தெரியும்.

ஆன்ட்டி புன்னகையோடு தலையாட்டினார். தலையாட்டிக்கொண்டே இருந்தார். நேரம் முடிந்து மிஸ் மணியை அடித்தபோது, அவர் மொத்தமாகப் பேசியிருந்தது "ஆமாம்" மட்டும்தான். இதே கதைதான் போன தடவையும் நடந்ததாம். ஒருவர் பேசும்போது குறுக்கே பேசுவது கன்னத்தில் அறைவதற்குச் சமம் என்று சின்ன வயதிலிருந்தே பழக்கியிருக்கிறார்கள். எதிராளி முடித்து, ஒரு கணம் அமைதி வந்த பிறகுதான் பேசலாம். நம் ஆட்களிடம் அந்த அமைதியை எங்கே போய்த் தேடுவது? ஆன்ட்டி ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "அவர் மூச்சு விடும்போது பேசலாம் என்று காத்திருந்தேன். உங்கள் பெரியப்பா மூச்சே விடமாட்டாரா?"

அப்பா விளக்கு வாங்கப் போனார்

கூடத்துக்கு விளக்கு மாற்ற வேண்டும் என்று அப்பா சொன்னதும், நான் அவரை ஆன்ட்டியின் கடைக்கே அழைத்துப் போனேன். போகும் வழியெல்லாம், பாவம்ப்பா, ரொம்ப அமைதியானவங்க, பேரம்னு அவங்களைப் படுத்தி எடுத்துடாதீங்க என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அப்பா பேரம் பேசுவதில் பெரியப்பாவுக்கே தம்பி.

கடையில் இருந்தது வேறு லின் ஆன்ட்டி. அப்பா இந்தக் கண்ணாடி லேசு, அந்தக் கம்பி மெலிசு, எதிர்க் கடையில் இதைவிட நல்லது இருக்கிறது என்று சுதி ஏற்றிக்கொண்டிருந்தார். ஆன்ட்டி கால்குலேட்டரில் விலையைத் தட்டி, அப்பாவின் பேச்சுக்கு நட்டநடுவே, மேஜை மேல் அதை அவர் பக்கம் தள்ளினார். அப்பா பாதி வாக்கியத்தில் நின்றார். அவர் ஒரு விலையைத் தட்டித் திருப்பித் தள்ளினார். ஆன்ட்டி அழித்துவிட்டு வேறு தட்டி மறுபடி தள்ளினார். இந்தச் சந்தையில் எல்லாக் கடையிலும் பேரம் இப்படித்தான் நடக்கும். என்ன மொழிக்காரராக இருந்தாலும் கால்குலேட்டர் போய்ப் போய் வரும். ஆனால் நான் அன்றைக்குத்தான் அதைக் கண் திறந்து பார்த்தேன். மனுஷி குறுக்கிடுகிறார். எதிராளிக்கு முறையைத் திருப்பிக் கொடுக்கிறார். கோபமில்லை, அவசரமில்லை, சிரித்த முகம் மாறவில்லை. பரீட்சையில் கேட்பதே இதைத்தானே!

விளக்கை டிக்கியில் ஏற்றும்போது அப்பா என்னை முறைத்தார். "பாவம் அமைதியானவங்கன்னு சொன்ன. என்னை ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க விடலையேடி."

வெறுங்கை

அடுத்த வகுப்புக்கு ஆன்ட்டியைக் கால்குலேட்டரோடு வரச் சொன்னேன். நான் பெரியப்பாவாக ரசத்தில் தொடங்கினேன். கால்குலேட்டரைத் தள்ளுங்கள், தள்ளிக்கொண்டே பேசுங்கள் என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன். முதல் இரண்டு முறை தள்ளிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தார். மூன்றாம் முறை, நான் முழங்கால் வலியில் இருந்தபோது, கால்குலேட்டர் என் பக்கம் நகர்ந்தது, கூடவே, நல்ல கருத்து, ஆனால் இங்கே நான் ஒன்று சொல்ல வேண்டும் என்று குரலும் வந்தது. சொல்லி முடித்து, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டு, கால்குலேட்டர் என் முறைக்காகக் காத்திருந்தது.

பரீட்சை அறைக்குள் கால்குலேட்டரை விடமாட்டார்களே. அதனால் அதை எடுத்துவிட்டு, வெறும் உள்ளங்கையை மேஜை மேல் நகர்த்திப் பழகினார். வாரக்கணக்கில் லண்டன்காரராக, அமெரிக்கராக, அப்பாவாக, மிஸ்ஸாகக்கூட மாறி மாறிப் பேசிப் பார்த்தேன். கை நகர்ந்தால் நான் நின்றேன். பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டிருந்த மிஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "உன் வாயையே ஒருத்தி நிறுத்திட்டாளா? பெறவு எதுக்குட்டி பரீட்சை, சர்டிபிகேட்ட நானே எழுதிக் குடுத்திருதேன்."

ஹோட்டல் வாசல்

பரீட்சை ஒரு ஹோட்டலின் ஹாலில் நடந்தது. நானும் மிஸ்ஸும் லாபி சோபாவில் காத்திருந்தோம். மிஸ் நகத்தைக் கடித்தார். மிஸ் கடிக்கிற மாதிரியே நான் கடித்துக் காட்டி ஒரு குட்டு வாங்கிக்கொண்டேன். ஆன்ட்டி வெளியே வந்தபோது முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை. தண்ணீர் மட்டும் கேட்டார். மிஸ் அவரை அழைத்துக்கொண்டு தண்ணீர் வாங்கப் போனார்.

அதே கதவு வழியாகப் பின்னால் ஒருவர் வந்தார். நல்ல உயரம், சட்டைப் பையில் இரண்டு பேனா. எனக்குப் பக்கத்திலேயே நின்று, தமிழ் யாருக்குத் தெரியப் போகிறது என்ற தைரியத்தில் கோயம்புத்தூர்த் தமிழில் வீட்டுக்குப் போன் போட்டார். நான் சோபாவின் பூவேலையைப் பார்க்கிற மாதிரி காதைத் தீட்டிக்கொண்டேன். அவர் சொன்னது இது: "இல்ல கண்ணு, ஜோடியா ஒரு சைனாக்காரம்மாவப் போட்டாங்க. பாவம் பேச வராது, நாமளே ரெண்டு பேருக்கும் சேத்திப் பேசிப்போடலாம்னு ஆரம்பிச்சேன். அந்தம்மா கைய இப்புடி நவுத்துச்சு பாரு, ரோட்ல போலீஸ் நிறுத்துன மாதர நின்னுட்டேன். அப்பறம் என்னையவே கேள்வி கேக்குது கண்ணு!"

யாவ் யாவ்

ஆன்ட்டி பாஸ். சும்மா பாஸ் இல்லை, பேச்சில்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக மதிப்பெண். பள்ளியில் வேலையும் கிடைத்தது, விசாவும் வந்தது. இப்போது லாண்டரிக்கு மேலே அந்த ஆவி படிந்த அறையில் ஆன்ட்டி பரிசாகக் கொடுத்த ஒரு கண்ணாடித் தொங்கு விளக்கு எரிகிறது. அறையின் தகுதிக்கு ரொம்ப அதிகம். மிஸ் தினமும் அதன் கீழே நின்று ஒரு செல்பி எடுக்கிறார்.

போன மாதம் ஆன்ட்டி மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். இரட்டைப் பின்னல், முன் பல் இரண்டைக் காணோம். என்னைப் பார்த்ததும் அந்தப் பொடிசு தொண்டையைக் கனைத்து, வயிற்றைத் தள்ளி, சீன மொழியில் மூச்சு விடாமல் பேச ஆரம்பித்தாள். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் அது சாட்சாத் என் அஜ்மான் பெரியப்பா. நான் பேசிய பயிற்சிகளையெல்லாம் ஆன்ட்டி போனில் பதிந்து ஊருக்கு அனுப்பி, வீடியோ காலில் தினமும் மகளைப் பெரியப்பாவாக நடிக்க வைத்துக் குறுக்கிடப் பழகியிருக்கிறார். நான் விடுவேனா? நானும் அதே குரலில் ரசத்தைத் தொடங்கினேன். யாவ் யாவ் உள்ளங்கையை மேஜை மேல் என் பக்கம் நகர்த்தினாள். நான் நின்றுவிட்டேன். அவள் தொடர்ந்தாள். ஆன்ட்டி பெருமூச்சு விட்டார். "உங்கள் பெரியப்பாவை நிறுத்தக் கற்றுக்கொண்டேன். இவளை நிறுத்துவதற்கு எந்தப் பரீட்சைக்குப் படிக்க வேண்டும்?"

ஆக, ஊரிலுள்ள அத்தனை குரலையும் தொண்டையில் வைத்துக்கொண்டு நான் செய்யும் இந்தத் தொழிலில், எனக்குக் கிடைத்த வெற்றியெல்லாம் யாராவது ஒருவர் கையை நகர்த்தி என் வாயை மூடியதுதான்.