முதலில் வரும் பச்சைத் தண்ணீர்

சுங்கை பட்டாணியில் எங்கள் தெருவிலேயே முதன்முதலாகக் கூரைமேல் சோலார் ஹீட்டர் ஏறியது என் வீட்டில்தான். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஒன்றில் தொடங்கி ஆறு லாரிக்கு முதலாளி ஆனேன். போகிறவன் வருகிறவன் பார்க்கட்டும் என்று தொட்டியை முன்பக்கக் கூரையில் வைக்கச் சொன்னேன். பார்த்தார்கள். ஆனால் என் மனைவி குளிப்பது வீட்டின் கடைசியில், அடுப்படிக்குப் பின்னால். வெந்நீர் அங்கே வந்து சேருவதற்குள் ஒரு வாளிக்கு மேல் பச்சைத் தண்ணீர் வரும்.

அதைக் கீழே விட அவளுக்கு மனசு வராது. குழாயைத் திறந்ததும் அதிலேயே குளிக்கத் தொடங்கிவிடுவாள். வெந்நீர் வரும்போது துண்டை எடுத்திருப்பாள். பொதுக்குழாயில் வரிசை நின்று வளர்ந்தவள். நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். போன மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தாள். பச்சைத் தண்ணீர் ஆகாது, தூசியும் ஆகாது என்றார் டாக்டர்.

நான் முன்னாலேயே குழாயைத் திறந்துவிட்டால், சத்தம் கேட்டு வந்து மூடுகிறாள். வாளியில் பிடித்துவைத்துச் செடிக்கு ஊற்றலாம் என்றால், "நெறஞ்ச வாளிய யாரு தூக்குவா? உங்க நோவுற முட்டியா?" என்கிறாள். குளியலறையிலேயே கரண்டு ஹீட்டர் வைத்தால் பயந்து உள்ளே போகமாட்டாள். அடுப்பில் காய்ச்சித் தருகிறேன் என்றேன்.

"அப்ப கூரை மேல அவ்ளோ பெரிய சாமான் எதுக்கு? காக்கா உக்காரவா?"

கோலா கெத்திலிலிருந்து குழாய் வேலை செய்பவரை வரவழைத்தேன்.

"பம்பு ஒண்ணு வெச்சா, பைப்புல நிக்கிற பச்சத் தண்ணி திரும்பி டேங்குக்கே போயிரும் அங்கிள். திறந்த ஒடனே சுடுதண்ணி. ஒரு சொட்டு வீணாகாது."

இவளுக்கென்றே செய்த சாமான் என்று நினைத்தேன்.

"ஆனா திரும்பிப் போக இன்னொரு பைப்பு வேணும்லா. ரெண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் செவுரு, வெளியால கொண்டுபோக வழியில்ல. தரையத்தான் ஒடைக்கணும்."

"ஒடை. என் தரை, என் காசு."

"ஒரு வாரம் தூசி பறக்கும். ஆன்டிய எங்கயாச்சும் அனுப்பி வைங்க."

தஞ்சோங் டாவாயில் மகள் வீட்டுக்குப் போகச் சொன்னேன்.

"அங்க இருக்கிறது ரெண்டு ரூம்பு. பிள்ளைங்க தூங்க வேணாமா? நான் போயி விடிய விடிய இருமவா? நான் செத்தப்புறம் போட்டுக்குங்க உங்க பம்ப. அடுத்தவ வந்து சொகமா குளிக்கட்டும்."

குழாய்க்காரர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தரையைப் பார்த்தார்.

எத்தனையோ முரட்டு டிரைவர்களை ஓர் அதட்டலில் அடக்கியவன் நான். நேற்று அவர் போன் செய்து, "எப்படி அங்கிள், செய்யலாமா?" என்று கேட்டார். உடைத்தால் தூசி, விட்டால் பச்சைத் தண்ணீர். எது அவளைக் குறைவாகப் படுத்தும் என்று எனக்கு எவன் சொல்லுவான்? ரெண்டு நாள் பொறு என்றேன். போன வாரமும் அதைத்தான் சொன்னேன்.

இன்று காலை அவள் குளிக்கப் போனதும் கதவுக்கு வெளியே போய் நின்றேன்.

"தண்ணிய கொஞ்சம் விடு! சுடுதண்ணி வரட்டும்!"

"வந்துக்கிட்டே இருக்கு" என்றாள். அதற்குள் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. இருமலும் கேட்டது.