பார்வோன் இல்லாத கடிதம்

என் மாமாவுக்கு வேதாகமம் தலைகீழாகத் தெரியும் என்பதில் எங்கள் வீட்டில் யாரும் சந்தேகம் கேட்பதில்லை. கேட்டால் சொல்லத் தொடங்கிவிடுவார் என்பதும் ஒரு காரணம். அவர் அம்மாவின் தம்பி. டென்மார்க்கில், இஷொய் என்ற ஊரில் நாலாம் மாடியில் அப்பா, மாமா, நான் என்று மூன்று பேர் இருந்தோம். அம்மா இலங்கையில், மன்னாரில் இருந்தார். நாங்கள் புறப்பட்டபோது தம்பி வயிற்றில் இருந்ததால் அவரை விமானம் ஏற வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். பிறகு கூப்பிடலாம் என்ற நம்பிக்கையில் அப்பா என்னை மட்டும் கூட்டிக்கொண்டு வந்தார். தம்பி பிறந்தான், தவழ்ந்தான், நடக்கவும் தொடங்கிவிட்டான். அம்மாவைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பத்துக்கு மட்டும் பதில் இல்லை.

எங்களுக்கு மேல்மாடியில் ஒரு யூதப் பெண்மணி இருந்தார். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அப்பாவோடு வேலை செய்து ஓய்வு பெற்றவர். எங்கள் பைபிளின் முதல் ஐந்து புத்தகங்களைத்தான் அவர்கள் தோரா என்கிறார்கள். அதைக் கிழமைக்கொரு பங்காக வருடம் முழுவதும் வாசித்து முடித்து, திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவார்கள். வாசித்தால் மட்டும் அவருக்குப் போதாது. இந்தக் கிழமைக்கு அது என்ன சொல்கிறது என்று யாரோடாவது வாக்குவாதப்படவும் வேண்டும். ஆள் கிடைக்காமல் இருந்தவருக்கு மாமா கிடைத்தார். மாமாவின் டேனிஷ் மொழி பாண் வாங்கும் கடையைத் தாண்டாது என்பதால் நடுவில் இருந்து மொழிபெயர்த்தது நான். எனக்கு ஒன்பது வயது. சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள் என்பதால் அன்று அவர் அடுப்பு மூட்டமாட்டார். வெள்ளிக்கிழமையே வாங்கி வைத்த கேக்கில் இரண்டு துண்டு என் சம்பளம்.

எந்தப் பங்கை எடுத்தாலும் மாமா அதை அம்மாவின் விசாவில் கொண்டுவந்து முடித்தார். நோவாவின் பேழையில் பெண்சாதி பிள்ளைகள் எல்லாரும் ஏறினார்களாம். ஆகவே குடும்பம் பிரிந்திருப்பது கடவுளுக்குச் சம்மதமில்லை. நாட்டை விட்டுப் புறப்பட்ட ஆபிரகாமும் மனைவியைக் கூட்டிக்கொண்டுதானே போனார்? யாக்கோபு ராகேலுக்காக ஏழு வருடம் உழைத்த கதை வந்த கிழமை, அதையும் நல்ல செய்தி மாதிரி இறங்கி வந்து சொன்னார். அப்பா சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனார்.

நத்தார்ப் பண்டிகையை ஒட்டி யோசேப்பின் பங்கு வந்தது. எகிப்தில் பெரிய ஆளாகிவிட்ட யோசேப்பின் குடும்பத்தைக் கூட்டிவரச் சொல்லி மன்னன் பார்வோனே உத்தரவு போடுகிறான். பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிவர வண்டிகளும் அனுப்பச் சொல்கிறான். மாமா மேசையில் ஓங்கி அடித்தார்.

"பாத்தியே! பார்வோனே வண்டி குடுத்துக் கூப்பிடுறான். இந்த விசாக் கந்தோர்க்காரர் ஒரு கடுதாசி குடுக்க மாட்டினமோ? இதை அப்பிடியே எழுதி அனுப்போணும்."

நான் அதைச் சொன்னதும் அந்தப் பெண்மணி கண்ணாடியைக் கழற்றினார். "பார்வோனை அவ்வளவு நம்ப வேண்டாம் என்று சொல். அடுத்த புத்தகத்தையும் வாசித்துவிட்டு எழுதட்டும்."

"மனுசிக்கு எல்லாத்திலயும் சந்தேகம்" என்றார் மாமா.

மூன்று பக்கக் கடிதத்தைத் தமிழில் எழுதி முடிக்க அவருக்கு இரண்டு கிழமைக்கு மேல் பிடித்தது. அதை டேனிஷில் சுருக்கி எழுதுவது என் பொறுப்பு. "கந்தோர்க்காரருக்குக் கதை சொல்லப் போறியோ?" என்று அப்பா எரிந்து விழுந்தார். ஆனால் மறுநாள் வேலைக்குப் போகுமுன் ஒரு வெறும் தாளின் அடியில் கையெழுத்து வைத்து மேசையில் விட்டுப்போனார்.

அதற்குள் அடுத்த புத்தகம் தொடங்கிவிட்டது. வண்டி கொடுத்த பார்வோன் இப்போது இல்லை. யோசேப்பை அறியாத புது மன்னன் வந்திருக்கிறான். யோசேப்பின் சனத்துக்குப் பிறக்கும் ஆண் குழந்தைகளை எல்லாம் ஆற்றில் எறியச் சொல்கிறான். மாமாவும் மேல்மாடிப் பெண்மணியும் வழக்கம்போல வாக்குவாதப்பட்டார்கள். எனக்கு ஆண் குழந்தைகள் என்பதற்கு மேல் ஒன்றும் காதில் ஏறவில்லை. எங்களுக்கும் ஓர் ஆண் குழந்தை இருந்தான். பார்வோனின் பெயரைப் பார்த்தால் கந்தோர்க்காரரும் அடுத்த புத்தகத்தைப் புரட்டுவார்கள் என்று பயந்தேன்.

ஆகவே பார்வோனை வெட்டிவிட்டேன். தாளில் நிறைய இடம் மிஞ்சியது. என் அம்மாவுக்கு வண்டி வேண்டாம், பஸ்ஸில் வருவார், அதிகம் சாப்பிட மாட்டார், என் தம்பி அழவே மாட்டான் என்று எழுதி நிரப்பினேன். தம்பியை நான் கண்ணால் கண்டதில்லை. மாமா என் கையெழுத்தைப் புகழ்ந்துவிட்டுத் தானே கொண்டுபோய்த் தபாலில் போட்டார்.

பதில் வரவில்லை. மாதங்கள் போகப் போக எனக்குக் காரணம் விளங்கியது. அவர்கள் மன்னாரில் விசாரித்திருக்கிறார்கள், தம்பி அழுவதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அம்மா வராதது என்னால்தான். பொய் சொன்னதாகக் கோவிலில் பாவசங்கீர்த்தனத்தில் அறிக்கையிட்டேன். யாரிடம் என்று சுவாமியார் கேட்டார். டென்மார்க்கிடம் என்றேன். அவர் சிறிது நேரம் இருமினார். மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார். நான் முப்பது சொன்னேன்.

ஒரு காரணமும் சொல்லாமல் ஒருநாள் விசா வந்து, அம்மா வந்தபோது எனக்குப் பதினொரு வயது. விமான நிலையத்தில் கதவு திறந்ததும் மெலிந்த ஒரு பெண் வந்தார். அவரது கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுவன். அப்பா இரண்டு கைகளையும் நீட்டினார். முன்பின் தெரியாத ஆள் தன்னைத் தூக்க வருவதைக் கண்டு தம்பி அந்த மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி வீரிட்டு அழுதான். பக்கத்தில் சீருடையோடு இரண்டு பேர் நின்றார்கள். நான் ஓடிப்போய் அவன் வாயைப் பொத்தினேன். அவன் கடித்தான். நான் கையை எடுக்கவில்லை.

"என்ன பிள்ளை செய்யிறாய்? கையை எடு. அழட்டும் விடு" என்றார் அம்மா. நாலு வருடத்துக்குக் கிட்டப் பிரிந்திருந்தவர் என்னிடம் நேரில் சொன்ன முதல் வார்த்தை அது.

எங்களைப் போன்ற தமிழ் அகதிகளின் விண்ணப்பங்களைத் தொடாமல் வைத்திருக்கும்படி மேலிடத்திலிருந்து சொல்லியிருந்தார்கள் என்பது பிறகு விசாரணையில் வெளிவந்தது. அதில் டென்மார்க்கின் அரசே பதவி விலகியது. அன்று எனக்கு அது ஒன்றும் தெரியாது. சீருடைக்காரர்கள் எங்களைப் பார்க்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. ஒருவருமே வாசிக்காத என் கடிதத்தைக் காப்பாற்ற, தம்பியின் வாயை இன்னும் இறுக்கிப் பொத்தினேன்.