ஏறியே நின்ற முள்

என்னிடம் அறுபதுகளின் கடைசியில் செய்த சின்ன பிரிட்டிஷ் கார் ஒன்று இருக்கிறது. பழைய வண்டி என்ற பிரிவில் பதிவு செய்திருப்பதால் வருடத்துக்குச் சில நாட்கள்தான் ஓட்டலாம். அந்தச் சில நாட்களும் போன வருடம் எஞ்சின் ஆயிலின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்தபடியே கழிந்தன. கால் மணி நேரம் ஓட்டினால் போதும், முள் நூற்று முப்பது டிகிரிக்கு ஏறிவிடும். அந்த எஞ்சினுக்கு அது ஆகாது.

சிங்கப்பூரில், புக்கிட் மேராவில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு பட்டறை. அதை நடத்துபவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பதினோரு வருடங்களாக அவர்தான் வண்டியைப் பார்த்து வந்தார். ஆயிலை மாற்றினார். ஆயில் பம்பை மாற்றினார். ஆயிலைக் குளிர்விக்கும் குழாய்களைக் கழற்றிக் கழுவி மாட்டினார். முள் இறங்கவில்லை.

அப்புறம் ஒரு சனிக்கிழமை மதியம் மனைவியோடு போகும்போது டோபி காட் அருகே வண்டி நின்றுவிட்டது. ஆயில் முள் உச்சியில் இருந்தது. எஞ்சின் போய்விட்டது என்றே நினைத்தேன். பட்டறைக்காரர் தன் வேனில் தம்பியோடு வந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, டின்னில் கொண்டுவந்த பெட்ரோலை ஊற்றினார். வண்டி கிளம்பிவிட்டது.

"பெட்ரோல் காலி, தம்பி. அவ்வளவுதான் லா."

"கால் டேங்க் இருக்குன்னு காட்டுதேண்ணே?"

"பழைய வண்டி. முன்னப்பின்ன காட்டும்."

வெயில், வழியெல்லாம் ஹார்ன் சத்தம், ஓரத்தில் குடையோடு நிற்கும் மனைவி. நான் கேட்டுவிட்டேன்: "பம்பை நெசமாவே மாத்தினீங்களா?"

அவர் காலி டின்னை மூடி வேனில் வைத்தார். அவருடைய தம்பி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வேனில் ஏறிக்கொண்டார். அதற்குப் பிறகு நான் பட்டறைக்குப் போகவில்லை.

ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, லிட்டில் இந்தியாவில் சாப்பிட்டுவிட்டுக் காரை எடுக்கப் போனோம். வண்டியைச் சுற்றி நாலைந்து பேர் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது வழக்கம்தான். சாவியைத் திருப்பினேன். ஒருவர் மட்டும் ஜன்னல் பக்கம் குனிந்து உள்ளே பார்த்தார். நாற்பது வயதிருக்கும்.

"சார், வண்டி எவ்வளவு நேரமா நிக்குது?"

"ரெண்டு மணி நேரம் இருக்கும்."

"அப்ப எண்ணெய் எண்பது டிகிரில எப்படி சார் இருக்கும்? ஆறிப் போயிருக்குமே."

கப்பல் பட்டறையில் அழுத்தமும் சூடும் அளக்கும் கருவிகளைச் சரிபார்ப்பதுதான் தன் வேலை என்றார். கடலூர்ப் பக்கம், வந்து ஒன்பது வருடமாம். அடுத்த ஞாயிறு கருவிகளைக் கொண்டுவந்து பார்க்கட்டுமா என்று அவராகவே கேட்டார்.

சொன்னபடி வந்தார். இருபது நிமிடம் ஓட்டச் சொன்னார். திரும்பி வந்து எங்கள் கார் பார்க்கில் நிறுத்தியதும், ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிவிட்டு, அந்தத் துளை வழியாகத் தன் தெர்மோமீட்டரின் மெல்லிய ஒயரை இறக்கினார். தொண்ணூற்று மூன்று. டேஷ்போர்டில் நூற்று இருபத்தெட்டு.

"எஞ்சின் நல்லா இருக்கு சார். மீட்டர்தான் பொய் சொல்லுது."

எஞ்சினில் இருந்த சென்சாரைக் கழற்றி, மனைவி ஃபிளாஸ்கில் கொண்டுவந்த வெந்நீரில் முக்கி அளந்தார். அதிலும் குறையில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்:

"வேற எந்த முள்ளாவது தப்பா காட்டுதா?"

"பெட்ரோல்," என்றாள் மனைவி, நான் வாய் திறப்பதற்குள். "கால் டேங்க்னு காட்டிச்சு, நடுரோட்டுல நின்னுட்டோம்."

அவர் உடனே டேஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்தார். இரண்டு மீட்டருக்கும் கரண்ட் ஒரே இடத்திலிருந்து, தீப்பெட்டி அளவுள்ள ஒரு டப்பா வழியாக வருகிறது. பேட்டரியின் பன்னிரண்டு வோல்டைக் குறைத்துக் கொடுப்பது அதன் வேலை. வண்டியின் தகரத்தோடு நேராக ஒட்டியிருந்தால்தான் அதற்கு எர்த் கிடைக்கும். எர்த் இல்லையென்றால் பன்னிரண்டையும் அப்படியே அனுப்பிவிடும், இரண்டு முள்ளும் கூடுதலாகக் காட்டும்.

"இங்க பெயின்ட் அடிச்சிருக்காங்களே சார். டப்பா பெயின்ட் மேல உட்கார்ந்திருக்கு. எந்த மெக்கானிக்?"

நான் குனிந்து அந்த இடத்தைப் பார்த்தேன்.

"டிசம்பர்ல நீங்கதானே அடிச்சீங்க?" என்றாள் மனைவி என்னிடம். "துரு பிடிக்குதுன்னு ரெண்டு நாள் லீவு போட்டு."

அவர் சிரிக்கவில்லை. கத்தியால் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பெயின்டைச் சுரண்டிவிட்டு ஸ்க்ரூவை முடுக்கினார். சாவியைத் திருப்பினேன். ஆயில் முள் எண்பத்தைந்தில் நின்றது, ஒயரும் அதையே சொன்னது. பெட்ரோல் முள் காலியை ஒட்டி இறங்கியது. அவர் எங்கள் வீட்டில் தோசை சாப்பிட்டுவிட்டு, ஆறு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் வேலை முடிந்து பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன், பெயின்ட் அடித்தது நான் என்பதையும். மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"நானும்தான் அந்த முள்ளை நம்பி பம்பை மாத்தினேன்," என்றார். "முதல்ல எண்ணெயை அளந்து பாத்திருக்கணும். அது என் தப்பு."

அப்புறம் கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஆனா தம்பி, அன்னைக்கு என் தம்பி முன்னாடி கேட்டீங்களே. அவனுக்கு நான்தான் தொழில் கத்துக் குடுத்தேன்."

வண்டியை எப்போது கொண்டுவரட்டும் என்று கேட்டேன். வியாழக்கிழமை என்றார்.

இப்போதும் வண்டியை அவர்தான் பார்க்கிறார். வேலை முன்போலவே சுத்தமாக இருக்கிறது. முன்பெல்லாம் வண்டி தயாரான பிறகும் அரை மணி நேரம் உட்காரவைத்து, மகள் படிப்பு, முட்டி வலி, பக்கத்துக் கடைக்காரரோடு சண்டை என்று பேசுவார். இப்போது வண்டியைப் பற்றி மட்டும் பேசுகிறார்.