'முன்' படத்துக்கு வந்தவர்

சிவகாசியில் நான் டிசைன் செய்யும் அச்சகத்துக்கு அந்த அக்கா ஒரே ஒரு மாலைதான் வந்தார். பட்டாசுக் கம்பெனி வேனிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தார். உயரமான, ஒல்லியான ஆள். பேசும்போதெல்லாம் கட்டைவிரலால் மற்ற நகங்களைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். அலுமினியத் தூள் ஏறி இரண்டு கைகளும் சாம்பல் பூத்திருந்தன.

மூலிகைக் குளியல் பொடி விற்பவர்தான் வரச்சொல்லியிருந்தார். அந்தக் கைகளை அவர் போனில் படமெடுத்தார்.

"இது எதுக்கு அண்ணாச்சி?" என்று அக்கா அவரைக் கேட்டார்.

பதிலை நான்தான் சொன்னேன். பொடிப் பெட்டியில், தேய்ப்பதற்கு 'முன்' என்று போடுவதற்கு. 'பின்' படத்துக்கு யாரோ ஒரு மாடலின் கை ஏற்கெனவே என் கணினியில் இருந்தது.

"அப்ப என் கையிலயே பொடியத் தேச்சு, அந்த 'பின்' படத்தையும் எடுங்க."

"அது போகாதும்மா" என்று அண்ணாச்சி சிரித்தார்.

"போகாதுன்னு தெரிஞ்சேதான் விக்கீகளா?"

அக்கா மேசையில் இருந்த பொடிப் பொட்டலத்தைப் பிரித்துக் குழாயடியில் நின்று தேய்தேய் என்று தேய்த்தார். நகக்கண்ணில் சாம்பல் அப்படியே நின்றது. ஈரக் கையை முகர்ந்து பார்த்தார்.

"பொடி நல்ல பொடிதான். ஆவாரம்பூ மணக்குது. நல்லதை விக்க என் கையை எதுக்கு அசிங்கமாக் காட்டணும்? எம்மக கடையில பாத்தா என்ன நெனப்பா? அழிங்க."

படத்தை அழிக்கவைத்துவிட்டுத்தான் போனார்.

மறுநாள் அண்ணாச்சி வேறொரு பெண்ணின் கைப் படத்தோடு வந்தார். இந்த ஊரில் அதற்கா பஞ்சம்? நான் மாட்டேன் என்றதும் முதலாளி வேலையைப் பக்கத்து மேசைக்குத் தள்ளினார்.

பெட்டி இப்போது எல்லாக் கடைகளிலும் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் கொதிக்கிறது. அந்தக் கைக்காரியிடம் படம் எதற்கு என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.