உம்மா போட்ட முதல்

கொழும்பில் வேலை செய்யும் என் தம்பி பெருநாளுக்கு வந்தால், சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு போனை நீட்டிவிடுவான். செயற்கை நுண்ணறிவுக் கம்பனிகளில் பங்கு வாங்குகிறானாம். கோடு மேலே மேலே போகிறது. "நீங்களும் போடுங்களேன் ராத்தா, உலகமே இனி இதுதான்" என்கிறான். எங்கள் மாமாவும் ஒரு காலத்தில் இப்படித்தான் முகமெல்லாம் பூரித்துப்போய் வந்து நின்றார்.

மாமா உம்மாவின் ஒரே தம்பி. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது கற்பிட்டியில் கொமினிகேஷன் கடை போட்டார், காசு கொடுத்துத் தொலைபேசியில் கதைக்கும் கடை. வீட்டுக்கு ஒருவர் சவூதியிலோ கட்டாரிலோ இருந்த காலம். "மனிசர் கதைக்கிறத விடவே மாட்டாங்க ராத்தா" என்றார் உம்மாவிடம். உம்மா தன் வளையல்கள் நாலையும் விற்று முதல் போட்டார். இரண்டு கண்ணாடிக் கூண்டுகள், இரண்டு தொலைபேசிகள். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்தால், கணவன்மாரின் அழைப்புக்காக வாசல் கொள்ளாத பெண்கள். நான் முதலாளியம்மா தோரணையில் கதிரையில் இருந்து காலாட்டுவேன்.

பிறகு பக்கத்து வீட்டு மாமிக்குக் கட்டாரிலிருந்து ஒரு ஹேன்ட்போன் வந்தது. எந்தப் பொத்தானை அமத்துவது என்று தெரியாமல் நேரே மாமாவிடம்தான் ஓடி வந்தார். மாமா கூண்டுக்குள் போய்த் தன் செலவில் அதற்கு அழைப்பு எடுத்தார். "அல்லாஹ்வே, உள்ளுக்க கதைக்கிறாங்க!" என்று மாமி துள்ளினார். அடுத்த மாதம் அதே வாசலில் கைப்போனோடு ஐந்தாறு பெண்கள் காத்திருந்தார்கள், பழகுவதற்கு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இவங்களுக்குப் பழக்கினா நாளைக்குக் கடைக்கு ஆரு வருவா?"

"அவங்க மாப்பிள்ளையோட கதைக்க வேணுமே மகள்."

நான் உம்மாவிடம் கோள்மூட்டி, கையோடு இழுத்து வந்தேன். நல்ல ஏச்சு விழப்போகிறது என்று ஒரே சந்தோஷம். உம்மாவைக் கண்டதும் மாமா கூண்டை விட்டு வெளியே வந்தார். "ராத்தா..." என்றார். உம்மா வெறும் கூண்டுகளைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார்.

"மாமிக்கு இன்னும் ஒருக்காச் சொல்லிக் குடு தம்பி. அவ பயப்படுறா."

அவ்வளவுதான். எனக்குச் சப்பென்று போய்விட்டது.

இன்று யோசித்தால் மாமாவின் கணிப்பில் ஒரு பிழையுமில்லை. மனிதர்கள் முன்னைவிட அதிகமாகத்தான் கதைத்தார்கள். கடைக்கு வராமல் கதைத்தார்கள். தம்பியின் கணிப்பும் சரியாகவே இருக்கலாம். உலகம் மாறும், போட்ட காசு திரும்புமா என்பதுதான் என் பயம். "அது வேற காலம் ராத்தா" என்று சிரிக்கிறான், பாவி. அந்தச் சிரிப்பைப் பார்த்தால் மறுக்கவும் மனம் வருவதில்லை.

அன்று உம்மாவுக்கு ஒன்றுமே விளங்கவில்லை என்று நினைத்து, வீடு வரும்வரை விளக்கினேன். எல்லாரும் போன் வாங்குவார்கள், கூண்டு காலியாகும், கடை மூடும், எங்கள் காசு போச்சு. "ஓம் மகள், ஓம்" என்று உம்மா கேட்டுக்கொண்டே நடந்தார். அந்தக் காசை அவர் கடை வாசலிலேயே தன் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டார் என்பது தெரியாமல், நான் அவருக்கு நட்டக்கணக்குப் படிப்பித்துக்கொண்டு வந்தேன்.