எங்க போறிய, தம்பி?

தாராவியில் எங்கள் சந்துக்காரர்களுக்கு என் மைனி, அதாவது அண்ணன் மனைவி ஏஞ்சலம்மாளைப் பற்றி ஒரே ஒரு புகார்தான். காலையில் எவன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினாலும், குழாயடியில் குடத்தோடு நிற்கும் மைனி முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டுவிடுவாள்: "எங்க போறிய?"

திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களிடம் கேட்கிற கேள்வியா இது? கிளம்புகிறவனை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் உருப்படுமா? கேட்டது கேட்டதுதான். திரும்பி வீட்டுக்குள் வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் புதிதாகக் கிளம்ப வேண்டும். அப்படிப் புதிதாகக் கிளம்பினால் மைனி அதே இடத்தில் நிற்பாள், அதே சிரிப்போடு மறுபடியும் கேட்பாள். எதிர்வீட்டு பிரம்மநாயகம் தோல் பட்டறைக்குப் போவதற்குள் ஒரு செம்புத் தண்ணீரைக் காலி செய்துவிடுவார். பட்டறையில் பாதி நேரம் ஒதுங்கப் போய் வருவதிலேயே கழிகிறது என்று என்னிடம் வந்து கத்துவார். நான் என்ன செய்ய?

நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். சகுனம் பார்ப்பதெல்லாம் அஞ்ஞானம் என்று கோயிலில் சாமியார் பிரசங்கமே வைத்தார். "சாமியாருக்கென்ன, பங்களாவுல இருந்து பீடத்துக்கு நடக்கிறவரு. அவரா டிராம்பே பஸ்ஸப் புடிக்கப் போறாரு?" என்று சொல்லிவிட்டாள் என் அம்மா சேசம்மாள்.

மைனி மேடான்காரி. என் அண்ணன் ஜோசப்ராஜுக்குக் கப்பலில், எஞ்சின் அறையில் வேலை. சுமத்ரா தீவில் பெலவான் துறைமுகத்தில் அவன் கப்பல் பழுதாகிக் கிடந்தபோது, பக்கத்து ஊரான மேடானில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பெண் கட்டிக்கொண்டான். அறுபத்து நாலில் கூட்டிவந்து எங்கள் கையில் விட்டான். விட்ட கையோடு கப்பல் ஏறிவிட்டான். மைனி அங்கேயே பிறந்து வளர்ந்தவள். வாயில் வருவது தமிழ், மனதில் ஓடுவது இந்தோனேசிய மொழி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், இதற்கு ஒரு முடிவு கட்டிவிடுவது என்று அவளை உட்கார வைத்தேன்.

"மைனி, போறவன் வாறவனயெல்லாம் எதுக்கு எங்க போறன்னு கேக்கிய?"

"எங்க ஊர்ல ஆளப் பாத்ததும் அதத்தான் கேப்பாவ தம்பி. 'மௌ கெ மானா'ம்பாவ."

பிரித்துச் சொல்லச் சொன்னேன். 'மௌ' என்றால் வேண்டும், விருப்பம். 'கெ' நம்முடைய 'கு'தான், ஆனால் சொல்லுக்குப் பின்னால் ஒட்டாமல் முன்னால் வந்து நிற்கும். 'மானா' என்றால் எங்கே.

"இதுல 'நீங்க' எங்க இருக்கு? 'போறது' எங்க இருக்கு?"

"ஆளுதான் எதுக்க நிக்காரு. போறதும் கண்ணுக்குத் தெரியுது. பெறவு எதுக்கு அதச் சொல்லணும்?"

நான் கடைத்தெருவுக்குப் போக வேண்டும் என்பதற்கு 'ஸாயா மௌ கெ பாசார்'. ஸாயா என்றால் நான்; பாசார் நம் பஜாரேதான். இதுவரைக்கும் சரி. போவதற்கு 'பெர்கி'. நேற்றுப் போனதும் பெர்கி, நாளை போகப்போவதும் பெர்கி. போய் முடிந்துவிட்டால் முன்னால் ஒரு 'சுதா', இன்னும் போகவில்லை என்றால் ஒரு 'பெலும்', அவ்வளவுதான். அவன், அவள், அவர் எல்லாவற்றுக்கும் ஒரே 'தியா'. பள்ளிக்கூடத்தில் வினைமுற்று எழுதி எழுதி அடி வாங்கிய எனக்கு வயிறு எரிந்தது.

"அப்ப பிஷப்பும் தியா, பிச்சக்காரனும் தியாவா?"

"பிஷப்புக்கு 'பெலியாவு'ன்னு தனியா ஒண்ணு இருக்கு. நமக்கெல்லாம் தியாதான்."

"சரி, மௌ கெ மானான்னு கேட்டா என்ன பதில் சொல்லணும்?"

"ஜாலான்-ஜாலான்."

ஜாலான் என்றால் தெரு, நடை. இரண்டு தடவை அடுக்கிச் சொன்னால் சும்மா உலாத்தப் போகிறேன் என்று அர்த்தமாம். கோர்ட்டுக்கு ஓடுகிறவன்கூட அதையே சொல்லிவிட்டுப் போகலாமாம். பதில் யாருக்கும் வேண்டாமாம்.

"பதில் வேண்டாம்னா கேள்வி என்ன மண்ணுக்கு?" என்றேன்.

"கேக்காமப் போனா, கோவம்னு நெனச்சுக்கிடுவாவ தம்பி."

இந்தப் பாடத்தால் வந்த வினையைக் கேளுங்கள். டிராம்பேயில் ஒரு எண்ணெய்க் கம்பெனியின் ஸ்டோரில் நான் தற்காலிகக் குமாஸ்தா. நிரந்தர வேலைக்கு இன்டர்வியூ வந்தது. அன்று காலை துவைத்து இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் இறங்கினேன். வாயைத் திறக்காதீர்கள் என்று முன்கூட்டியே கும்பிட்டுச் சொல்லியிருந்தேன். மைனியும் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் நின்றாள். தமிழில் கேட்டால்தானே குற்றம் என்று நினைத்தாளோ என்னவோ, நான் நல்லபடி நாலடி வைத்ததும் பின்னாலிருந்து ஆசையாகக் கேட்டாள்: "மௌ கெ மானா, தம்பி?"

எனக்கு இப்போது அர்த்தம் வேறு தெரியுமே! திரும்பி வந்தேன், உட்கார்ந்தேன், தண்ணீர் குடித்தேன். பஸ் போய்விட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது என் பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். இனி அடுத்த தடவை பார்க்கலாம் என்று பியூன் கதவைச் சாத்தினான்.

திரும்பி வந்து சந்தே கூடும்படி கத்தினேன். அம்மா உத்தரவு போட்டாள்: "இனி வெளிய போறவன்கிட்ட ஒரு வார்த்த பேசப்படாது, ஆமா."

மைனி பேசவில்லை. குழாயடியில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். வீட்டுக்குள்ளும் 'ம்' என்பதோடு சரி. அண்ணனிடமிருந்தும் மாதக்கணக்கில் ஒரு தகவல் இல்லை. சந்தில் எல்லோரும் முதல் தடவையிலேயே கிளம்பிப் போனார்கள். பஸ்ஸெல்லாம் கிடைத்தது. "பேசினாலும் இழவு, பேசாட்டியும் இழவு" என்று அம்மா பாத்திரத்தை நங்கென்று வைப்பாள்.

ஒரு சனிக்கிழமை காலை. நான் வாசலில் முகம் மழித்துக்கொண்டிருந்தேன். மைனி பெரிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். பார்த்தேன். கேட்கவில்லை. யார்தான் கேட்பார்கள்?

சாப்பாட்டு நேரத்துக்கு வரவில்லை. நாலு மணிக்கும் வரவில்லை. பிரம்மநாயகத்திடம் ஓடினேன்.

"பாத்தேன்டே. தூரமான்னாச்சும் கேப்போம்னு வாய் வரைக்கும் வந்துது. பையும் கையுமா போற பொம்பள, எதுக்குன்னு விட்டுட்டேன்."

சந்தில் எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஒருவரும் கேட்டிருக்கவில்லை. உள்ளே கொடியில் மைனியின் சேலைகளைக் காணோம். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எம்புள்ள வந்து கேட்டா அவ எங்க போனான்னு சொல்லுவேன்? ஏலே தனசீலா, ஓடுலே!"

எங்கே ஓடுவது? சயான் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். தாதர் பக்கமா, கோட்டைப் பக்கமா ஒன்றும் தெரியவில்லை. கண்டக்டர் ஒவ்வொருவரிடமும் விசாரித்தேன். ஒருவன் சிரித்தான். "அந்தப் பொம்பளையா? எங்க கூட்டாளி பஸ்ஸுல காலையில இருந்து உட்கார்ந்திருக்கு. எங்க போகணும்னு கேட்டா சிரிச்சிட்டு சில்லறைய நீட்டுதாம். கடைசி ஸ்டாப்புல எறங்காம, திரும்ப டிக்கெட் எடுக்குதாம். பாகல் ஹை க்யா?" என்றான் இந்தியில். பைத்தியமா என்று அவன் கேட்டதில் எனக்கு வந்த கோபத்துக்கு, சட்டையைப் பிடித்திருப்பேன்.

அந்த பஸ் வந்தது. ஜன்னலோரம், மடியில் பையோடு மைனி. இறங்கியதும் அவளே சொன்னாள்.

"பெலவான் போற கப்பலு எங்க நிக்கும்னு கேக்கத்தான் கெளம்புனேன் தம்பி. பஸ்ஸுல ஏறுனதும் அந்த கண்டக்டரு 'கிதர் ஜானா', எங்க போறியன்னு கேட்டாரு. எல்லாத்துட்டயும் போயிப் போயிக் கேக்காரு. இந்த ஊருக்கு வந்து எங்கிட்ட ஒருத்தரு அப்படிக் கேட்டது இன்னைக்குத்தான். எறங்கவே மனசு வரல."

வழியெல்லாம் திட்டுவதற்கென்று எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன்.

"மௌ கெ மானா, மைனி?" என்றேன்.

சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "ஜாலான்-ஜாலான்" என்றாள். பையை என் கையில் கொடுத்தாள். வீட்டைப் பார்த்து நடந்தோம்.

திங்கட்கிழமை காலை நான் வேலைக்குக் கிளம்பினேன். குழாயடியில் மைனி குனிந்த தலை நிமிராமல் நின்றாள். நானும் நின்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"கேளுங்க மைனி."

அவள் பயந்துபோய் எங்கள் வாசலைப் பார்த்தாள். அம்மா தண்ணீர்ச் செம்போடு நிலைப்படியில் நின்றிருந்தாள். "கேட்டுத் தொலையேம்ட்டி. அவன் குடிச்சிட்டுப் போவட்டும்."

"எங்க போறிய, தம்பி?"

நான் திரும்பி வந்து, உட்கார்ந்து, குடித்துவிட்டு எழுந்தேன். பஸ் போயிருந்தது. எதிர்வீட்டில் பிரம்மநாயகம் செருப்பை மாட்டிக்கொண்டு, தன்னை எப்போது கேட்பாள் என்று மைனியையே பார்த்துக்கொண்டு நின்றார்.